கூரைமேல் ஒரு சகோதரர்

எபனேசர்புரம் சபையில் எழுநூறு பேர். அவர்களில் ஐந்து பேரை இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு வார ஊழியப் பயணமாக அனுப்பினார்கள். மற்ற அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து பேரைவிட இந்த ஐவரும் முட்டாள்கள் என்று நான் சொன்னால் அது அவதூறு. சபை கூடி, உபவாசம் இருந்து, இவர்களே தகுதியானவர்கள் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

குழுவின் தலைவர் ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அடுத்தவர் வேதமுத்து, எதற்கும் சட்டம் பேசுகிறவர். சீமோன், பர்னபா என்று அண்ணன் தம்பி இருவர். அவர்களுக்கு வாய் இருந்தது "அதானே" என்று சொல்வதற்கு. ஐந்தாவது ஆள் எலியேசர், சொன்னதைச் செய்கிறவர். உலகத்தின் அநியாயங்களில் பாதி இந்த மாதிரி நல்லவர்களின் கையால்தான் நடந்திருக்கிறது. அது வேறு கதை.

பயண அலுவலகம் ஓர் ஆலோசனைத் தாளை அனுப்பியிருந்தது. அதன் முதல் வரி: "ஆளுக்கு இருபது கிலோ."

எலியேசரின் பெட்டியை நிறுத்துப் பார்த்தார்கள். பதினான்கு கிலோ.

"ஆறு கிலோ குறையுதேவே" என்றார் வேதமுத்து.

"இதுக்கு மேல எங்கிட்டத் துணி கிடையாது அண்ணாச்சி."

"துணின்னு தாள்ல போட்டிருக்கா? கிலோன்னுதான போட்டிருக்கு?"

"அதானே" என்றார்கள் அண்ணன் தம்பி.

எலியேசர் வீட்டுக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கி வந்தார். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஸ்லின் தெருமுனை வரை சிவந்த கையோடு துரத்தி வந்தாள். குழவி சரியாக ஆறு கிலோ இருந்தது. எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

தாளின் இரண்டாம் வரி: "வெளிநாட்டில் யாரும் தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் இருவர் இருவராகச் செல்லுங்கள்."

கொழும்பு விமான நிலைய வாசலிலிருந்து பஸ் நூறடி தூரத்தில் நின்றது. ஞானசிகாமணியும் வேதமுத்தும் ஒரு ஜோடியாகப் போனார்கள். சீமோனும் பர்னபாவும் ஒரு ஜோடியாகப் போனார்கள். எலியேசர் மட்டும் வாசலில் நின்றார். அவரைக் கூட்டிவர ஒரு ஜோடி திரும்பியது. இப்போது வாசலில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் புறப்பட்டார்கள், ஒருவர் நின்றார். அவரைக் கூட்டிவர அடுத்த ஜோடி வந்தது. இப்படியே இரண்டு பஸ்கள் போய்விட்டன.

"நாம என்ன தப்புப் பண்ணுதோம்?" என்றார் ஞானசிகாமணி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"சரியாத்தான் பண்ணுதோம். எலியேசர்தான் மிச்சமாயிருதாரு" என்றார் வேதமுத்து.

"அதானே."

கடைசியில் ஞானசிகாமணிக்கு ஒரு யோசனை உதித்தது. "எலியேசரு குழவியைக் கையில வச்சுக்கட்டும். அதையும் ஓர் ஆளா எண்ணிக்கிடுவோம்."

"கல்லை எப்படி ஆளா எண்ணுறது?" என்றார் வேதமுத்து.

"பேசாது, அசையாது, காணிக்கை போடாது. அந்த மாதிரி ஆளு நம்ம சபையில எத்தனை பேரு இருக்காங்க! அவங்களை நாம எண்ணலையா?"

அன்று முதல் குழு ஆறு பேர் ஆயிற்று.

இனி அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கொழுந்து பறிக்கிறவர்கள், எந்தக் காலத்திலோ இதே நம் சீமையிலிருந்து கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலி. ஆனால் கூலி வாங்கித் தர எந்தச் சபையும் ஊழியப் பயணம் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தகரம் மாட்டுவதற்கு அனுப்புவார்கள்.

தகரமும் இவர்கள் கொடுத்ததல்ல. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் கூரை நான்கு வருஷமாக ஒழுகியது. பெண்கள் மனுக் கொடுத்து, கெஞ்சி, கடைசியில் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து, நிர்வாகத்திடமிருந்து பன்னிரண்டு தகரம் வாங்கினார்கள். அதை மாட்டப் போனபோது தோட்ட நிர்வாகியான துரை தடுத்துவிட்டார். "தொடாதீங்க. இந்தியாவிலயிருந்து ஊழியக்காரங்க வர்றாங்க. அவங்கதான் மாட்டுவாங்க, படம் எடுப்பாங்க."

பிள்ளைக் காம்பராவின் ஆயா தெய்வானை. ஐவரும் ஒரு கல்லும் வந்து இறங்கிய அன்றே அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, சனிக்கிழமை காலையில இன்ஸ்பெக்டர் வர்றாரு. கூரை ஒழுகினா காம்பராவைப் பூட்டிருவாங்க. பூட்டினா முப்பது தாய்மாருக்கு வேலை இல்லை, பிள்ளைகளை வச்சிக்கிட்டு மலையில ஏற முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க, போதும்."

"முடிச்சிருவோம்மா" என்றார் ஞானசிகாமணி. தாளின் மூன்றாம் வரிப்படி கூரையையும், ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியையும் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தலைவரும் வேதமுத்தும் ஜோடியாக ஒரே ஏணியில் ஏறினார்கள். இரண்டு படி ஒடிந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்கய்யா!" என்று தெய்வானை கத்தினாள்.

"தனியா ஏறக் கூடாதும்மா. தாள்ல இருக்கு."

ஆகவே ஏணிக்குத் தகுந்த ஜோடி எலியேசரும் குழவியும்தான். அவர் ஒரு கையில் கல்லோடு ஏறினார், மறு கையால் ஆணி அடித்தார். நான்கு பேர் கீழே ஜோடி ஜோடியாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று நாளில் பன்னிரண்டு தகரமும் ஏறிவிட்டன. முட்டாள்தனத்தாலும் சில சமயம் வேலை நடந்துவிடுகிறது. அதை நம்பித்தான் நிர்வாகங்கள் நடக்கின்றன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெய்வானை பிள்ளைகளை எடை பார்க்க டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். ஐவரும் மூட்டை கட்டினார்கள். அப்போதுதான் ஞானசிகாமணி தாளின் கடைசி வரியை உரக்க வாசித்தார்: "நீங்கள் வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இடத்தை விட்டுவிட்டு வாருங்கள்."

வேதமுத்து தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார்.

"நாம வந்தப்போ ஒழுகிச்சே" என்றார் வேதமுத்து மெதுவாக.

"அதானே" என்றார்கள் அண்ணன் தம்பி.

எலியேசர் குழவியோடு ஏறினார். புதுத் தகரங்களைக் கழற்றி இறக்கினார். கொல்லையில் கிடந்த பழைய தகரங்களை ஏற்றினார். கீழே ஞானசிகாமணி முதல் நாள் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"ஏல, அந்த ஓட்டை கொஞ்சம் கிழக்கால வரணும். வாளிக்கு நேரா."

"இப்பச் சரியா அண்ணாச்சி?"

"படத்துல ஏழு ஓட்டை. ஆறுதான் வெளிச்சம் தெரியுது."

எலியேசர் நேர்மையானவர். ஓர் ஆணியை எடுத்து ஏழாவதை அடித்தார்.

வேலை முடிந்த நிறைவில், பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு மைல் இறங்கிச் சந்திக்கு வந்தார்கள். பஸ் ஏறும்போது தலைவர் எண்ணினார். ஐந்து.

"ஆறாவது ஆளு எங்க?"

எலியேசர் தன் கையைப் பார்த்தார். "கூரைமேல வச்சேன் அண்ணாச்சி."

"அப்ப நீரு இரண்டு மைல் தனியா நடந்தீரா!"

எலியேசர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். இனி ஓர் அடி வைத்தாலும் மீறல். பஸ் போய்விட்டது. பொழுது சாயும் வரை விவாதித்து வேதமுத்து தீர்ப்புச் சொன்னார்: "நடந்தாத்தான் அவரு ஆளு. தூக்கிட்டுப் போனா அவரு சாமான்." சந்தியிலிருந்த சிற்றாலயத்தில் படுத்தெழுந்து, சனிக்கிழமை காலையில் குழவியை எடுத்துவர, எலியேசரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

அங்கே பிள்ளைக் காம்பராவின் மேல் புதுத் தகரம் மின்னிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வேலைவிட்டு வந்த பதினோரு பெண்கள், துரையைக் கேட்காமல், அதே ஏணியில் ஒவ்வொருவராக ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டார்கள். காற்றுக்குத் தகரம் தூக்காமல் இருக்க, உச்சியில் செங்கல் முட்டுக் கொடுத்துக் குழவியை வைத்திருந்தார்கள்.

தெய்வானை வாசலில் நின்றாள். "என்னாங்கய்யா, இன்னும் பிரிக்கிறதுக்கு ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"ஆமாம்மா" என்றார் ஞானசிகாமணி, கலங்கிய குரலில். "வந்தப்போ இருந்தது மாதிரி இல்லையே! ஏல எலியேசரு, ஏறும்!"

"தனியாவா அண்ணாச்சி?"

"குழவியை எடுத்துக்கிட்டு ஏறும்."

"குழவி மேல இருக்கே."

"அப்போ ஏறி எடும்."

"ஏறுறதுக்குக் குழவி வேணுமே."

"அதானே" என்றார்கள் அண்ணன் தம்பி.

ஐவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். தெய்வானை ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் ஒரு பிள்ளையோடு, ஏணியின் எதிரே உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் மழையும் இன்ஸ்பெக்டரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவர் உள்ளே போய் மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. காம்பரா திறந்திருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், மழையில் நனையும் ஐவரைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

"இந்தியாவிலயிருந்து வந்திருக்காங்க, சேர்" என்றாள் தெய்வானை. "ஏணி ஒண்டியா இருக்கக் கூடாதாம்."

எலியேசரைச் சாமானாகவே தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணி ஆராதனையில் எழுந்து நின்று அழுதார். "சபையாரே, மன்னிக்கணும். இருந்தது மாதிரி விட்டுட்டு வர எங்களால முடியல. கூரை ஒழுகல." சபையும் அழுதது. பிறகு, ஐந்து பேர் ஓடி வந்தபோதும் ஊழியத்தலத்தை விட்டு அசையாமல் கூரைமேல் நிலைத்து நிற்கும் ஆறாவது சகோதரருக்காக எழுநூறு பேரும் முழங்கால் போட்டார்கள்.

முழங்காலிலிருந்து எழும்போதுதான் வேதமுத்துவுக்கு உறைத்தது. "ஐயையோ, அவரு அங்க தனியால்லா இருக்காரு!"

கமிட்டி உடனே கூடியது. வருகிற வருஷப் பயணத்தில் எலியேசர் வீட்டு அம்மியை அவருக்குத் துணையாக அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

"அப்போ நான் மிளகா எதுல அரைக்க?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

அதை ஜெபக் குறிப்பாக எழுதிக்கொண்டார்கள்.