அக்கரையின் பிரதிநிதி

"மேடம், ஜெனிஸ்டன் ஒன்பது நாளா வகுப்புக்கு வரல. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். இன்னும் பத்து நாள்ல சென்னையில போட்டி. அவன் இல்லாம நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

தில்ஷாத் மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"போட்டி யாருக்கு?"

"கல்லூரிக்கு."

"சரி" என்று அடுத்த தாளை எடுத்தார்.

மேடம் என்னைவிட எட்டு வயது இளையவர். நான் பதினெட்டு வருஷம் வரலாறு நடத்தியவன். எங்களுடையது கடலோரத்தில் ஒரு சின்னக் கலைக் கல்லூரி, மொத்தமே முந்நூறு பிள்ளைகள். வரலாற்றுக்கு ஆள் சேரவில்லை என்று அதை மூடிவிட்டுப் பன்னாட்டு உறவுகள் என்று ஒரு துறையைத் திறந்தார்கள். என்னைத் தூக்கி அதில் போட்டார்கள். ஒன்றும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தப் பாடத்தை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் துறைத் தலைவரான இந்த மேடம்தான். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், அவர்தான் எனக்கு குரு.

ஆனால் அந்தப் போட்டிக்குப் பயிற்சியாக வகுப்பில் நடத்தும் வெள்ளிக்கிழமை விளையாட்டு என்னுடைய யோசனை.

மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருவார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவேன். எந்த நாடு விழுகிறதோ அந்த நாட்டுக்காகப் பேச வேண்டும். சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. 'நான்' என்று சொல்லக் கூடாது, 'என் நாடு' என்றுதான் சொல்ல வேண்டும்.

"கடைசியா வந்த அன்னைக்கு என்ன தலைப்பு?" மேடம் கேட்டார்.

"கடல் எல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்ட மீனவங்களை விடலாமா, கூடாதா."

"அவனுக்கு எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"அக்கரை."

"அவங்கப்பா எங்க இருக்கார்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அக்கரையில. ஜெயில்ல."

மூன்று மாதமாக. அதே படகில் போன இன்னும் நாலு பேரும் உள்ளேதான். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான். ஆனால் தெரியும்.

"சீட்டை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூதுவன்னா அப்பா அம்மாவ வாசல்லயே விட்டுட்டு உள்ள வரணும்னு சொன்னேன்."

அப்படிச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அப்புறம்?"

"பேசினான் மேடம். அப்படிப் பேசினான்!"

முதலில் கொஞ்சம் தடுமாறினான். பிறகு எழுந்து நின்றான். "என் நாட்டு மீனவன் சின்ன வள்ளத்தில் போகிறான். இவர்கள் பெரிய படகில் வந்து கடலின் அடிமடியையே வழித்துக்கொண்டு போகிறார்கள்" என்றான். இக்கரைப் பிரதிநிதியாக இருந்த பெண், நீரோட்டம் இழுத்துவிட்டது, தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று பதில் சொன்னாள். இவன் சிரித்தான்.

"தெரியாமலா? எல்லை நெருங்கும்போது படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி கத்தும். அந்தச் சத்தத்தை இவர்கள் முன்னாலேயே அணைத்துவிடுகிறார்கள். விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். தெரிந்தே வருகிறார்கள். இவர்களை விட்டால் நாளைக்கும் வருவார்கள். விடக் கூடாது."

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். தீர்மானம் அக்கரைக்குச் சாதகமாக நிறைவேறியது. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. வேகத்தில் அவன் தமிழுக்குத் தாவிவிட்டான், நானும் விட்டுவிட்டேன்.

"இதெல்லாம் அவனுக்கு யார் சொன்னா?" என்றார் மேடம்.

"அவங்கப்பாவாத்தான் இருக்கும்."

"அவன் பேசினத வீடியோ எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அத இணையத்துல, காலேஜ் பக்கத்துல போட்டது?"

"நான்தான் மேடம். நல்லாப் பேசினான்னுதான்..."

மேடம் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"நான் செஞ்சது தப்பா மேடம்?"

"அதுக்கு எங்கிட்ட விடை இல்ல சார். வாங்க."

பேருந்தில் இருபது நிமிஷம். அவன் வீட்டில் என்ன பேசுவது என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இன்னொரு தடவை கேட்டேன்.

"அங்க போனா அவங்க கேப்பாங்க" என்றார்.

மீனவர் காலனியில் வழி கேட்டோம். ஒரு பெண் கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெனிஸ்டனின் அம்மா வாசலுக்கு வந்தார். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மேடம் தரையில் உட்கார்ந்துகொண்டார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"உள்ளதான் கெடக்கான்" என்றார் அந்த அம்மா. "காப்பித் தண்ணிதான் எறங்குது. சோத்தத் தொட்டு நாலு நாளாச்சு."

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது.

"கலெக்டர் ஆபீஸுல மனு குடுத்திருந்தோம் சார். அஞ்சு வீட்டுப் பொம்பளைகளும் சேர்ந்துதான். காத்துல இழுத்துருச்சு, தெரியாமப் போயிட்டாங்க, எப்பிடியாவது மீட்டுத் தாங்கன்னு எழுதியிருந்தோம். அதுக்குள்ள இவன் பேசுன வீடியோ எல்லார் போனுக்கும் வந்துருச்சு. போன வாரம் அங்க கோர்ட்டுல கேஸ மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாங்க. வீடியோவாலதான் தள்ளுனாங்களா, என்னன்னு யாருக்குத் தெரியும்? ஆனா மத்த நாலு வீடும் இப்ப எங்களோட பேசுறதில்ல. தண்ணிக் குழாய்க்கு நான் போனா, அவங்க கொடத்த எடுத்துட்டு நகந்துக்கிறாங்க. பெத்த அப்பனையே காட்டிக் குடுத்துட்டான்னு இவன் காதுபடப் பேசுறாங்க."

மேடத்தைப் பார்த்தேன். வழக்கமாக நான் தடுமாறினால் அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ஊர்ல வந்து பேசுறேம்மா" என்றேன். "அது அவன் சொந்தக் கருத்து இல்லன்னு எல்லாருக்கும் புரியவைக்கிறேன். அவன் அந்த நாட்டோட இடத்துல நின்னு பேசினான். அவ்வளவுதான்."

"ஊர விடுங்க சார். ஊரு நாளைக்கு ஒண்ணு பேசும்." அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவன் என்னையப் போட்டு அரிக்கிறான். நான் பேசுனது சரியாம்மா, தப்பாம்மான்னு ஒரே கேள்வி. எனக்கு என்ன தெரியும்? நான் அஞ்சாப்பு. உங்க சாரக் கேளுடான்னா, மூஞ்சியத் திருப்பிக்கிறான். நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. சொல்லுங்க. சரியா, தப்பா?"

கதவுக்குப் பின்னால் ஆள் நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா, எங்க பாடத்துல அப்படிச் சரி தப்புன்னு ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. அத எவ்வளவு தெளிவா எடுத்து வைக்கிறாங்கங்கிறதத்தான்..."

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கே என் பேச்சு சகிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காது சார். பேசுனதுக்கு மார்க்கு உண்டாமே?"

"உண்டும்மா."

"இவனுக்குப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எத்தன?"

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு" என்றேன்.

அந்த அம்மா தலையாட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. எழுந்து போய் அந்தக் கதவில் கை வைத்தார்.

"எய்யா, கதவத் தொற. நீ ஒண்ணும் தப்பாப் பேசலையாம். உங்கப்பா அங்க கெடக்குறது சரிதானாம். சார் முழு மார்க்குப் போட்டுருக்காரு. வா, வந்து ஒரு வாய் சாப்பிடு."