கவிழ்த்துப் போட்ட உரல்

"பாவா, இந்தச் சேறு கல்லைப் பிடிக்கமாட்டேங்குது" என்றார் சேகனா.

பாவா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்தத் தீவில் ஒரு தர்கா, ஒரு உப்புக் கிணறு, ஒன்பது பேர். குடிதண்ணீர் கரையிலிருந்து பாய்மர வள்ளத்தில்தான் வரவேண்டும். வள்ளம் சேகனாவின் பொறுப்பு.

அவர் தர்காவின் குருவான பாவாவின் சீடர். ஆனால் பாவாவைவிட இருபது வயது மூத்தவர். அதனால் பாவா அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வாடைக்காற்று தொடங்கினால் வள்ளத்தை வடகரையில் விடமுடியாது. அலை உடைத்துவிடும். தென்கரையில் கடலடியில் ஒரு கல்லை இறக்க வேண்டும். கல்லில் கயிறு, கயிற்று முனையில் மிதவை, மிதவையில் வள்ளம். மாசி வரை அங்கேதான்.

போன வருடம் கல் இழுபட்டு, வள்ளம் கடலோடு போய்விட்டது. வேறு வள்ளம் கிடைக்கும்வரை எல்லோரும் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். சமையல் செய்யும் மைமூனின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்து, பிழைத்ததே பெரும்பாடு.

"என்ன கல் போட்டீங்க?"

"உரல், பாவா. அடி தேஞ்சு ஓட்டையான பெரிய உரல். ஓட்டையில கயித்தைக் கோத்துக் கவுத்துப் போட்டிருக்கேன். வாய் சேத்துல பதிஞ்சா யானை இழுத்தாலும் வராதுன்னாங்க."

"வருதா?"

"யானை எதுக்கு? நான் இழுத்தாலே வருது."

"எப்ப இழுத்தீங்க?"

"நேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"முந்தாநாள். தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு, வள்ளத்து மூக்குல நின்னு இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை."

"வந்ததும்?"

"வாய்க்குள்ள சேறு ஏறியிருக்கான்னு பார்த்துட்டுத் திரும்பப் போட்டுருவேன்."

அடுப்படியில் மைமூன் சிரித்தாள். "காக்கா, அந்த உரலுக்குத் தலை சுத்தியிருக்கும்."

"நீ சும்மா இரு. யார் பிள்ளைக்காக இந்தப் பாடு?"

மைமூனின் சிரிப்பு நின்றது.

பாவா சேகனாவின் முகத்தைப் பார்த்தார். "கண்ணு சிவந்திருக்கு. கொஞ்சம் படுங்க."

பூவரச மரத்தடியில் அவரே பாய் விரித்தார். சேகனா படுத்துக் கண்ணை மூடினார்.

பாவா தோளைத் தட்டினார். "தூக்கம் வந்துருச்சா காக்கா?"

"இல்லை பாவா."

சேகனா மறுபடி மூடினார். பாவா மறுபடி தட்டினார்.

"இப்ப?"

"இல்லை."

இமை கனத்து இறங்கும் நேரம் பார்த்து மறுபடியும் தோளில் கை விழுந்தது. சேகனா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க தட்டாம இருந்தாத்தானே பாவா வரும்!"

பாவா ஆறிப்போன கஞ்சியை எடுத்துக் குடித்தார்.

சேகனா பாயில் உட்கார்ந்தபடியே தென்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அஸருக்குப் பிறகு அவர் கயிற்றை இழுக்கவில்லை.

இழுப்பதைவிட இழுக்காமலிருப்பது சிரமமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவருவார், மிதவையில் வள்ளத்தைக் கட்டுவார், நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்ப்பார். கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வடக்கே வானம் கறுத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் பாவாவிடம் வந்தார்.

"ஒரே ஒரு தடவை. மெதுவா."

"இழுங்க" என்றார் பாவா.

சேகனா போனார். இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார். கைலி நனைந்ததுதான் மிச்சம். திரும்பி வந்துவிட்டார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை வாடை இறங்கியது.

முதல் வீச்சிலேயே வள்ளம் திரும்பி, மூக்கைத் தீவுக்குக் காட்டிக்கொண்டு கயிற்றை முறுக்கி இழுத்தது. மிதவை தண்ணீருக்குள் போய்விட்டது.

சேகனா கரையில் உட்கார்ந்திருந்தார். பாவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிடிக்குமா பாவா?"

மிதவை மேலே வந்தது. மறுபடி உள்ளே போனது.

சேகனா எழப் பார்த்தார். பாவா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது.

"உங்களுக்கும் பயமா?"

"நானும் அந்த உப்புத் தண்ணியத்தானே குடிக்கணும், காக்கா."

பொழுது சாயும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காற்று கொஞ்சம் தணிந்தது. வள்ளம் கட்டின இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சேகனா காலிக் குடங்களைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏற்றினார். மைமூன் இடுப்பில் பிள்ளையோடு கரைக்கு வந்தாள்.

"காக்கா, உரல் பதிஞ்சிருச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்தக் குடத்தை எடு."