முந்தி வந்த மடி

சக்கர நாற்காலியில் செல்பவரை விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள், ஆகவே முதலில் இறக்குவார்கள் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. படித்தவர்களிடையேகூட இது பரவியிருப்பதால், கடமை என்று கருதி இங்கே திருத்துகிறேன். முதலில் ஏற்றுவது உண்மை. இறக்குவது கடைசியில். எல்லாரும் இறங்கி, அவர்கள் பெட்டிகளும் இறங்கி, துப்புரவு செய்கிறவர்கள் ஏறி நம் காலடியில் கிடக்கும் முந்திரித் துணுக்குகளைப் பெருக்கி எடுத்த பிறகு, இருக்கைகளுக்கு நடுவே நுழையக்கூடிய ஒல்லியான நாற்காலி ஒன்று வரும். அதில் நம்மைத் தூக்கி வைத்து, மூன்று வார்ப்பட்டைகளால் கட்டி, வெளியே தள்ளிக்கொண்டு போவார்கள். கடைசி என்றால் எவ்வளவு கடைசி என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்ன கதை அந்த ஓட்டை வழியாகத்தான் பறந்தது.

கேட்டவர்கள் நான்கு பேர். என் தங்கை வளர்மதி, அவள் கணவர் குருசாமி, அவர்களுடைய நான்கரை வயது மகள் நறுமுகை, காது குத்த வந்திருந்த நாகலிங்க ஆசாரி. இடம், அருப்புக்கோட்டையில் தங்கை வீட்டுக் கூடம். நாள், காதுகுத்து விழாவுக்கு மறுநாள்.

மறுநாள் என்பதில்தான் சிக்கல். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் விலக்கு கிடையாது. நறுமுகைக்கு ஒரே மாமன், அது நான். இளம்பிள்ளை வாதம் வந்தபோது எனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறேன். மடி என்ற வகையில் என்னைவிடத் தயார்நிலையில் இருக்கும் மாமன் விருதுநகர் மாவட்டத்திலேயே கிடையாது. அப்படிப்பட்ட மாமன் முகூர்த்தத்துக்கு வரவில்லை. அவனுடைய நாற்காலி மட்டும் வந்தது.

என்னை அழைத்துப்போக மதுரை விமான நிலையத்துக்கு வந்திருந்த குருசாமி, காலி நாற்காலியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, வேனில் ஏற்றி, நேராகக் குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டுபோனார். நேரம் தப்பக் கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாற்காலிக்கு மாலை போட்டார்கள். சீர்த் தட்டை அதன் முன்னால் வைத்தார்கள். குழந்தையை அதில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மாமன் இந்தத் தடவை யாரோடும் வாதாடாமல் அடக்கமாக இருக்கிறார் என்று என் சித்தப்பா சொன்னாராம். ஆசாரி வலது காதைக் குத்தினார். குழந்தை துள்ளிய துள்ளலில் கைபட்டு பிரேக் விடுபட்டது. நாற்காலி அவளோடு சரிவில் இறங்கி, பொங்கல் பானைகளைத் தாண்டி, வேப்பமரத்தடியில் போய் நின்றது. அதற்கு மேல் யார் கெஞ்சியும் அவள் உட்காரவில்லை. இடது காது அப்படியே நின்றுபோனது.

முகூர்த்தம் முடியும்வரை வளர்மதி கோயில் வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று குருசாமி என்னிடம் தனியாகச் சொன்னார். அன்று முழுக்க அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. மறுநாள் விமானத்தில் நான் வந்து சேர்ந்தபோது என்னோடு பேசவும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கணவர் வழியாகச் சொன்னாள்.

"உங்க மச்சானுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க."

நான் நான்கடி தள்ளி இருந்தேன். குருசாமி கேட்டார்.

"வேணும்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். குருசாமி சொன்னார். அவர் தபால் துறையில் வேலை பார்ப்பவர். அலுத்துக்கொள்ளவில்லை.

ஆசாரி மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார். நறுமுகை ஒரு நிபந்தனையோடு என் மடியில் ஏறினாள். நேற்று ஏன் வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். கதை நின்றால் இறங்கிவிடுவாள். ஆசாரி அவளுடைய இடது காதில் மையால் ஒரு புள்ளி வைத்து, பொன்கம்பியைக் கையில் எடுத்தார். அடுக்களை வாசலில் வளர்மதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகும் கேட்கும். குழந்தை அசையக் கூடாது, தங்கை திரும்ப வேண்டும். உண்மையைச் சொன்னால் இரண்டில் ஒன்றும் நடக்காது. ஆகவே ஆரம்பித்தேன்.

"விமானம் நேத்து காலையில எட்டு மணிக்கே மதுரைக்கு வந்துருச்சு கண்ணு. எல்லாரும் இறங்கிட்டாங்க. மாமா மட்டும் ஒல்லி நாற்காலிக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். பணிப்பெண் வந்து, அஞ்சு நிமிஷம் சார்னு சொல்லுச்சு. ஜன்னல் வழியா பாக்கறேன், விமானத்தோட வயித்துலருந்து என் நாற்காலி இறங்குது. கீழ நின்னு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, நான் முன்னால போறேன், நீ வந்து சேருன்னுட்டு அதுபாட்டுக்குப் போயிருச்சு."

ஆசாரி கம்பியைத் தாழ்த்தினார். "நாற்காலி பேசுமாங்க?"

"பதினாலு வருசமா ஒண்ணா இருக்கோம் ஆசாரி. வாய் விட்டுச் சொல்லணும்னு இல்லை."

"ம்" என்றார், கம்பியை மறுபடி உயர்த்தி.

"அந்த அஞ்சு நிமிஷம் முடியறதுக்குள்ள விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்பிருச்சு. என்னைய இறக்காமலே. ஐதராபாத்துல ஒல்லி நாற்காலி வந்துச்சு, ஆனா அது வேற ஒருத்தருக்கு. டெல்லியில எனக்குன்னே வந்துச்சு, ஆனா நான் அதுல கொள்ளலை. ஐதராபாத்துலயே எனக்கு வந்திருந்தா அடங்கியிருப்பேன். நடுவுல பதினோரு டப்பா உப்புமா சாப்பிட்டிருந்தேன்."

"ரெண்டு ஊருக்குப் பதினொண்ணா?" என்றார் குருசாமி.

"நடுவுல எட்டு ஒம்போது ஊரு இருக்கு மாப்பிள்ளை. உங்க நேரத்தை மதிச்சு விட்டுட்டேன். ஒவ்வொரு ஊர்லயும் புதுப் பயணின்னு நினைச்சு ஒரு டப்பா குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லி அந்தப் பிள்ளைங்க மனசை நோகடிக்க முடியலை."

நறுமுகை தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள். "வெங்காயம் போட்ட உப்புமாவா மாமா?"

"முதல் நாலுலதான் வெங்காயம். அப்புறம் என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலை."

ஆசாரி காது மடல் நுனியைப் பிடித்தார். பிடித்தவர் யோசித்தார். "வெந்நீர் ஊத்தித்தானே அந்த உப்புமா? மேல ஏதுங்க அடுப்பு?" என்றார். கை இறங்கிவிட்டது.

"ஆசாரியை ஜோலியைப் பாக்கச் சொல்லுங்க" என்றது அடுக்களை வாசல், குருசாமியிடம்.

நான் வேகத்தைக் கூட்டினேன். குவாஹாட்டி போவதற்குள் பணிப்பெண்கள் களைத்துவிட்டார்கள் என்றும், பெல்ட் போடுவது எப்படி என்று பயணிகளுக்குச் செய்துகாட்டும் பொறுப்பை நானே ஏற்றேன் என்றும் சொன்னேன். உலகம் முழுவதும் அதை நின்றுகொண்டு செய்துகாட்டுகிறார்கள். நின்றுகொண்டு யார் பெல்ட் போடுகிறார்கள்? உட்கார்ந்தபடி அதை முறையாகச் செய்துகாட்டிய முதல் ஆள் நான்தான் என்று விமானமே கைதட்டியது. ஒரு கிழவர் அழுதார். பாதுகாப்புக் கையேட்டில் எட்டுப் பிழை இருந்தது, அதையும் திருத்திக் கொடுத்தேன்.

"உங்க மச்சான் ஆகாசத்துக்குப் போனாலும் அடுத்தவங்களைத் திருத்தாம இறங்க மாட்டாருன்னு சொல்லுங்க" என்றாள் வளர்மதி. முதுகு கால்வாசி திரும்பியிருந்தது.

"ஆகாசத்துக்குப் போனாலும்..." என்று தொடங்கினார் குருசாமி.

"கேட்டுச்சு மாப்பிள்ளை."

"சரி மச்சான், எனக்கு ஒரு கணக்கு இடிக்குது. எட்டு மணிக்கு மதுரை. முகூர்த்தம் பத்தரை. அதுக்குள்ள குவாஹாட்டி வரைக்கும் எப்படிப் போயிட்டு வர முடியும்?"

"அதுக்குத்தான் வர்றேன். முகூர்த்தம் இருக்கு, சீக்கிரம் போங்கன்னு விமானிகிட்ட நான்தான் சொன்னேன். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துன்னதும் அந்த மனுசனுக்கும் ஒரு வேகம் வந்துருச்சு. அவரும் ஒரு தாய்மாமன். அப்படிப் பறந்து வந்தா, மதுரைக்கு மேல முன்சக்கரம் இறங்க மாட்டேங்குது. சக்கரத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களான்னு ஒலிபெருக்கியில கேட்டார். எனக்குச் சக்கரத்துல நாப்பத்தேழு வருச அனுபவம். கையைத் தூக்கினேன்."

ஆசாரி இப்போது கம்பியைத் தன் மடியிலேயே வைத்துவிட்டார்.

"சார், முன்சக்கரம் எதுக்கு உங்களுக்கு, அது வெறும் அலங்காரம்னு சொன்னேன். நான் வாசப்படி இறங்கறப்போ முன்சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு, பின்னால சாய்ஞ்சு, ரெண்டு பின்சக்கரத்துலயே இறங்குவேன். அப்படியே இறக்குங்க, பயந்து முன்னால குனிஞ்சுறாதீங்க, அம்புட்டுத்தான்னேன். கையைப் பிடிச்சுக் கத்துக்குடுத்தேன். பூ மாதிரி இறங்குச்சு."

"எல்லா விமானமும் பின்சக்கரத்துலதானே மச்சான் முதல்ல இறங்குது?"

"இப்ப இறங்குது" என்றேன்.

குருசாமி ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி கம்பியைப் பார்த்தார்.

"இறங்குச்சே தவிர நிக்கலை. அவ்வளவு வேகம். ஓடுபாதை முடிஞ்சு, மதில் முடிஞ்சு, அருப்புக்கோட்டை ரோட்டுல ஏறிருச்சு. மூக்கைத் தூக்கிக்கிட்டு ரெண்டு சக்கரத்துலயே ஓடுது. காரியாபட்டி விலக்குல ஒரு பஸ்ஸை முந்தினோம். டிரைவர் ஒதுங்கி வழி விட்டுட்டு, இண்டிகேட்டர் போட்டா என்னன்னு திட்டினாரு. அது நம்ம தப்புத்தான்."

"பிரேக் போடலாம்ல?" என்றாள் நறுமுகை. நேற்றைய அனுபவத்தில் அவளுக்கு இந்தத் துறையில் தேர்ச்சி வந்திருந்தது.

"பிரேக்கு என் நாற்காலியில இருக்கு. நாற்காலி கோயில்ல மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. நான் என்ன செய்ய? ரெண்டு கையையும் ஜன்னல் வழியா வெளிய நீட்டி, சக்கரத்தைப் பிடிச்சு அழுத்தினேன். கோயில் வாசல்ல வந்து நின்னுச்சு. மணி சரியா பத்து இருபத்தெட்டு."

"எங்க கோயில் வாசல்லயா?" என்றார் ஆசாரி. "நான் அங்கதானே இருந்தேன்."

"நீங்க குனிஞ்சு காதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"நானும் பாக்கலையே மாமா."

"நீ கண்ணை மூடிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தே."

ஆசாரி விடவில்லை. "அம்புட்டுத் தூரம் வந்தவுக உள்ள வந்திருக்கலாமே?"

"எப்படி வர? கோயில் வாசல்ல மூணு படி. சாய்தளம் கிடையாது. காலி நாற்காலியை நாலு பேரு சேந்து தூக்கிட்டாங்க. விமானத்தை யாரு தூக்குவா? விமானியும் நானும் விமானத்துல இருந்தபடியே வலது காது குத்தினதைக் கண்ணாரப் பாத்து, கும்பிட்டுட்டுத் திரும்பிட்டோம். உப்புமாவும் தீர்ந்துருச்சு, யாரும் எங்களைச் சாப்பிட்டுப் போங்கன்னு கூப்பிடலையேன்னு அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்."

நறுமுகை சிலைபோல இருந்தாள். ஆசாரிக்கு இப்போதுதான் தொழில் நினைவு வந்தது. மடலை இழுத்துப் பிடித்து, கம்பி முனையை மைப்புள்ளிமேல் வைத்தார்.

"அண்ணே" என்றாள் வளர்மதி.

முழுதாகத் திரும்பியிருந்தாள். குருசாமி பழக்கதோஷத்தில் அதை எனக்குச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"நீ விமானத்துலயே ஏறலைண்ணே. நீ கிளம்புன ஏர்போர்ட்டு கவுன்டர்ப் பொண்ணு நேத்து சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிருச்சு. நாற்காலி மேல லக்கேஜுன்னு சீட்டு ஒட்டுனதுக்கு, அது லக்கேஜ் இல்லை, என் கால்னு முக்கால் மணி நேரம் நின்னு வாதாடியிருக்கே."

"நான் எங்க நின்னேன்" என்றேன்.

"உக்காந்து வாதாடியிருக்கே. ஏறாத ஆளோட லக்கேஜை இறக்கிருவாங்களாம். நீதான் அது லக்கேஜ் இல்லைன்னு மேனேஜர்கிட்டக் கையெழுத்தே வாங்கிட்டியே. அதனால அவங்க அதை இறக்கலை, விமானம் அதோட போயிருச்சு. வாதத்துல ஜெயிச்சுட்டு விமானத்தை விட்டுட்டேன்னு சொல்றதுக்கு குவாஹாட்டி வரைக்கும் போவணுமா?"

சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருந்தது. மேலாளரின் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. எடுத்து நீட்டினேன். வளர்மதி வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதுல ரெண்டு பிழை இருக்கு" என்றாள்.

"மூணு" என்றேன். "திருத்தச் சொன்னேன். அதுக்குள்ள விமானம் கிளம்பிருச்சு."

அவள் காப்பியைத் தன் கையாலேயே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். ஆசாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வேலை, வளர்மதி "அண்ணே" என்று கூப்பிட்டு, மடியிலிருந்த குழந்தை அம்மா பக்கம் திரும்பிப் பார்த்த அந்த நொடியிலேயே முடிந்திருந்தது.

நறுமுகையின் இடது காதுத் துளை, வலது காதுத் துளையைவிட ஓர் எள் அளவு கீழே இருக்கிறது.