பல்லி உச்சுக்கொட்டும் காரணம்

ஐப்பசி மாதம் ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை. காற்று அசையவில்லை, மேற்கு மலையின்மேல் கருமேகம் கவிந்திருந்தது. உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆற்று மணலில் இரண்டு முட்டைகளை இட்டிருந்த பல்லி ஒன்று அந்த மேகத்தைக் கண்டு நடுங்கியது. வெள்ளம் வருவதற்குள் அவற்றை மேட்டுப் பாறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நடைக்கு ஒரு முட்டையைத்தான் அதனால் சுமக்க முடியும். போய்த் திரும்ப ஒரு முழுப் பகல் ஆகும்.

வேலியில் படுத்திருந்த ஓணானிடம் அது ஓடியது.

"அண்ணே, ஒன்றை நீங்கள் தூக்கினால் ஒரே நடையில் முடிந்துவிடும். நாளை விடியலில் போகலாமா?"

"இதென்ன கேள்வி, தங்கச்சி? நான் வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்!" என்று ஓணான் தலையை ஆட்டியது.

புதன்கிழமை விடியலில் பல்லி வேலியடியில் வந்து நின்றது.

"இன்று வேண்டாம், தங்கச்சி. உடம்பில் இன்னும் சூடேறவில்லை. நாளைக்கு வைத்துக்கொள்வோம்" என்றது ஓணான்.

வியாழக்கிழமை, "வழியெல்லாம் ஈரம், கால் வழுக்கும்" என்றது.

"வர இயலாது என்று நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா? நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று நான் ஒருத்தியே இரண்டு நடையில் முடித்துவிடுவேனே!"

"வரமாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா? கோபப்படாதே. நாளைக்குக் கட்டாயம்."

மறுபடியும் தலை ஆடியது. பல்லி மறுபடியும் அதை நம்பியது; அதுதான் பிழை.

வெள்ளிக்கிழமை வேலி வெறுமையாக இருந்தது. பொந்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், தங்கச்சி. நாளைக்கு..."

பல்லி மணலுக்கு ஓடியது. ஒரு முட்டையைச் சுமந்துகொண்டு தனியே புறப்பட்டது. பாறையை அடைந்து திரும்பிப் பார்த்தபோது ஆறு மணலை முழுவதும் மூடியிருந்தது. பல்லி அழவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி, 'ச்சு, ச்சு, ச்சு' என்று மட்டும் ஒலித்தது.

அதன் பிறகு பல்லி மணலை நம்பவில்லை. மிஞ்சிய முட்டையுடன் மனிதர் வீட்டுக்குள் புகுந்து சுவர் இடுக்கில் குடியேறியது. ஓணான் இன்றும் வேலியில் இருந்துகொண்டு, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் தலையாட்டுகிறது. எவராவது பயணம் கிளம்பினால், 'இவராவது சொன்னபடி போய்ச் சேருவாரா' என்ற எரிச்சலில் பல்லி உச்சுக்கொட்டத் தொடங்கியது அன்று முதல்தான். அதைக் கேட்டவர்களோ, "பல்லி சொல்லிவிட்டது, இன்று வேண்டாம், நாளைக்குப் போகலாம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பல்லி என்ன செய்யும்? இன்னொரு முறை உச்சுக்கொட்டுகிறது.