அலை அடங்காத அடியார்

கரைகாத்தநாதர் கோயில் கொண்டருளும் நெய்தல்வாயில் என்னும் கடற்கரை ஊரில், உப்பளத்துச் சேற்றை மிதித்துப் பிழைத்தவர் ஐயாறனார். உப்பு அரித்த பாதங்களில் வெடிப்பு ஆறியதே இல்லை. ஆனாலும் விடியலில் முதலில் வாரிய வெள்ளை உப்பைக் கோயில் மடைப்பள்ளியில் சேர்த்து, சன்னிதியில் விழுந்து வணங்காமல் அவர் கஞ்சியைத் தொட்டதில்லை.

ஒரு வைகாசியில் புயல் வந்தது. கடல் எழுந்து ஊருக்குள் புகுந்து பாதி ஊரை வாரிக்கொண்டு போயிற்று. ஐயாறனாரின் மனைவி நீலவல்லியும் ஒரே மகளும் அதில் போயினர். மாதம் திரும்புமுன் அவர் பாத்திகளைச் சீர்செய்து மறுபடியும் உப்புச் சுமந்தார். ஆனால் காற்று சற்றுப் பலமாக வீசினால் போதும், உடல் வெடவெடக்கும். காதுகளைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே குந்திவிடுவார். ஒருநாள் உச்சிக்காலப் பூசையில் முழங்கிய சங்கு அவருக்குக் கடலாகக் கேட்டது. அலறிச் சன்னிதியிலேயே சாய்ந்தார்.

பேய் பிடித்தவன் என்றது ஊர். கரை காத்தவர் உன் வீட்டைக் காக்கவில்லையே, இன்னும் எதற்கு அவருக்கு உப்பு என்று சிலர் சிரித்தனர். ஊர்த்தலைவர் விடங்கர் அவரைக் கோயிலுக்குள் விடக்கூடாதென்று தடுத்து, பேயோட்டியை வரவழைத்தார். கோபுர வாசலில் ஊரே கூடிற்று. வேப்பங்கழி ஓங்கப்பட்டபோதும் ஐயாறனார் ஓடவில்லை.

"ஐயா, என்னைப் பேய் புடிக்கலை. அன்னிக்கு அடிச்ச அலை எனக்குள்ள இன்னும் அடங்கலை. இது காயம். அடிச்சா காயம் ஆறுமா?"

ஏழு அடி விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் "சிவசிவ" என்றார்.

அன்றுமுதல் உப்பை வாசலில் வைத்து, வெளியே நின்றே தொழுதார். எவர் கேட்டாலும் மறைக்கவில்லை. பயமாக இருக்கிறது, தூக்கம் இல்லை, காற்றில் மகள் கூப்பிடுகிறாள் என்று உள்ளபடி சொன்னார். சிரித்தவர்களே ஒவ்வொருவராக உப்பள வரப்புக்கு வந்து, தமக்கும் அப்படித்தான் என்று அவரருகே அமர்ந்து அழலாயினர். குறுக்கே பேசாமல் கேட்டிருப்பதையும் அவர் பூசையாகவே செய்தார்.

விடங்கர் மட்டும் வரவில்லை. அவரும் அதே புயலில் இரு மகன்களைப் பறிகொடுத்தவர். தலைவன் அழலாகாது என்றிருந்தார். சோறு இறங்காமல், கண் மூடாமல் மூன்று நாளாக அவர் கடலையே வெறித்து நிற்பதை ஐயாறனார் கண்டார். நான்காம் நாள் அந்தியில் காற்று ஏறியது. விடங்கர் நேரே கடலுக்குள் நடந்தார்.

கூப்பிடக் கரையில் ஆளில்லை. காற்றிரைச்சலில் ஐயாறனாரின் கால்கள் துவண்டன. மணலில் தவழ்ந்தார். "நாதா, நீயும் கூட வா" என்று முனகியபடி அலைக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் விடங்கரின் மேலாடையைப் பற்றினார்.

"விடு. பயந்தாங்கொள்ளி, உனக்கென்ன தெரியும்?"

"பயந்தான் தெரியும் ஐயா. இப்பவும் நடுங்குது. என் கையைப் புடிச்சுக்குங்க. ரெண்டு பேரும் நடுங்கிக்கிட்டே கரையேறுவோம்."

அலையொன்று மார்பில் மோதிற்று. இன்னொன்று வந்தது. பிறகு விடங்கரின் விரல்கள் மெல்ல மூடி அந்தக் கையை இறுகப் பற்றின. கரை சேர்ந்ததும் மகன்களின் பெயரைச் சொல்லி முதன்முறையாக அவர் கதறினார். ஐயாறனார் அவரைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை கருவறையைத் திறந்த அர்ச்சகர் திகைத்து நின்றார். இறைவனுக்குச் சாத்திய பட்டு இடுப்பளவு நனைந்திருந்தது. திருவடியில் கடல்மணல் ஒட்டியிருந்தது. அவர் பதறி ஊரைக் கூட்ட, விடங்கர் எழுந்து, தாம் எதற்காகக் கடலில் இறங்கினார் என்பதையும், கரைசேர்த்தவர் யார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு ஐயாறனாரின் வெடித்த பாதங்களில் விழுந்தார். அர்ச்சகர் ஐயாறனாரைக் கைபிடித்து இறைவன் திருமுன் அழைத்துச் சென்றார்.

அதன்பின் நெய்தல்வாயிலில் மனம் நொந்தவர்மேல் எவரும் கழி ஓங்கவில்லை. ஐயாறனாரின் நடுக்கம் உடனே நின்றுவிடவில்லை. காற்று வந்தால் இப்போது அருகிருந்து அவர் கையைப் பற்ற ஆளிருந்தது. தம் பயத்தை மறைக்காமல் பிறர் பயத்தைத் தாங்கிய அந்த எளியவர் திருவடி நம் நெஞ்சில் நிலைக்கட்டும்.