வெறும் இரண்டு

“டீச்சர், இந்த விடை எப்படித் தப்பாகும்?”

மரியநாயகம் விடைத்தாளை மேசைமேல் வைத்தார். துறைமுகப் பட்டறையில் முப்பது வருஷமாகக் குழாய் பொருத்தும் ஃபிட்டர். வயது ஐம்பத்து நான்கு. சூப்பர்வைசர் தேர்வுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. இரண்டு தடவை கணக்கில் தோற்றிருந்தார்.

மாலை வகுப்பு எடுக்கும் சுலைகாவுக்கு இருபத்தேழு வயது.

கேள்வி: சைன் 2 எவ்வளவு? அவர் எழுதியிருந்தது 0.0349.

“கால்குலேட்டர்ல போட்டுத்தான் எழுதினேன்.”

“கோணத்தை டிகிரியில போட்டுட்டீங்க அண்ணாச்சி. நான் டிகிரின்னு சொல்லலையே.”

“ரேடியன்னும் சொல்லலையே.”

“ஒண்ணும் சொல்லலன்னா ரேடியன்தான்.”

“அதைத்தான் கேக்கேன். வெறும் ரெண்டு. என்ன ரெண்டு? அதுக்கு ஒரு பேர் வேண்டாமா?”

குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பு திரும்பிப் பார்த்தது.

சுலைகா அலமாரியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார்.

“டேப் வச்சிருக்கீங்களா?”

“எப்பவும் இருக்கும்.”

சுலைகா அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வாலிபால் கம்பம் நின்றது. அதன் இருபக்கமும் நீளும்படி மணலில் ஒரு நேர்க்கோடு கிழித்தார். கயிற்றைக் கம்பத்தில் மாட்டி, மறுமுனையால் ஒரு வட்டம் போட்டார். பிறகு கயிற்றைக் கழற்றி மரியநாயகம் கையில் கொடுத்தார்.

“கோடு வட்டத்தைத் தொடுற இடத்துல ஆரம்பிங்க. வட்டத்து மேலேயே வளைச்சுப் போடுங்க. ரெண்டு கயிறு. அதுதான் அந்த ரெண்டு.”

போட்டார். முடிந்த இடத்தில் நின்றார்.

“கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கீங்க? நேரா அளங்க.”

“ஒன்பது அடி ஒரு இஞ்ச்.”

“கயிறு?”

“பத்து அடி.”

“வகுங்க.”

“புள்ளி ஒன்பது ஒண்ணு.”

அவர் கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றி சைன் 2 போட்டார். 0.909.

அதைப் பார்த்தார். பிறகு ஒப்பாமல் தலையை ஆட்டினார்.

“கயிறு பத்து அடியா இருக்கப்போய் இப்படி வந்திருக்கு.”

சுலைகா கயிற்றைப் பாதியாக மடித்து மாட்டி, உள்ளே ஒரு சின்ன வட்டம் போட்டார். மடித்த கயிற்றை அதே கோட்டிலிருந்து இரண்டு தடவை வளைத்து வைத்து, முடிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார்.

மரியநாயகம் குந்தி உட்கார்ந்து, குழாயின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடினார். கம்பம், கல், அவர் முன்பு நின்ற இடம். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன.

“இந்த ரெண்டுக்கு என்ன பேர் வைக்கலாம் அண்ணாச்சி?”

மரியநாயகம் கயிற்றைப் பிரித்து வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லாமலே பெரிய வட்டத்தில் மூன்றாவது கயிற்றையும் போட்டார்.

எதிர்ப்பக்கத்துக் கோடு இப்போது அவர் காலடிக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டவில்லை. வட்டத்தின்மேல் டேப்பை வளைத்து மிச்சத்தை அளந்தார்.

“ஒரு அடி அஞ்சு இஞ்ச். கயிறு பத்து அடி. அப்போ மூணு கயிறு, அப்புறம் புள்ளி ஒண்ணு நாலு...”

பாதியில் நிறுத்தினார். ஆயிரம் குழாய்க்குச் சுற்றளவு கணக்கிட அவர் பயன்படுத்திய எண் அது, பை.

“சைன் பை எவ்வளவு?” என்று கேட்டார் சுலைகா.

மரியநாயகம் அந்த ஒரு அடி ஐந்து இஞ்சையும் நடந்தார். கோட்டின்மேல் நின்று டேப்பை நீட்டினார்.

அளக்க ஒன்றும் இல்லை.