ரணகள்ளி கேட்ட தண்ணி

மலை பேசும், மரம் நடக்கும்னு சொல்வாங்களே, அவ்வளவு பழைய காலத்துல பனிக்கோட்டைன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஒரு ஊர்க்கட்டுப்பாடு. தாகம்னு யார் கேட்டாலும் தண்ணி இல்லைன்னு சொல்லக் கூடாது. எதிரியே வந்து கேட்டாலும் சொம்பை நீட்டணும். நல்ல கட்டுப்பாடுதான், யார் இல்லைன்னா? ஆனா வினையே அதுலதான் வந்தது.

அந்த ஊர்ல பவளாயி, தங்காயின்னு அக்கா தங்கச்சி. தாய் தகப்பன் இல்லை. தங்காயியை ஊட்டி வளர்த்தவளே அக்காதான். ஒரு மார்கழியில கோரப்பல்லன்னு ஒரு மந்திரவாதி வாசல்ல வந்து நின்னு, "பவளாயி, என்னைக் கட்டிக்கோ"ன்னான்.

"இந்த மூஞ்சிக்கு நான் கேட்குதா? போடா அந்தப் பக்கம்!"

அவன் கோலைத் தட்டினான். பவளாயி நின்ன இடத்துல ஒரு ரணகள்ளிச் செடி நின்னது. தடித்தடியா மூணே மூணு இலை.

தங்காயி அவன் காலைப் பிடிச்சுக் கதறினா. அவன் சிரிச்சான். "பனி முடியுறப்போ இந்தச் செடி கருகிடும். அதுக்குள்ள இதோட இலையைக் கிள்ளி வச்சு ஒரு புதுக் குருத்து வரவழைச்சிட்டா, உன் அக்கா எழுந்து வருவா. ஆனா உங்க ஊர்க்காரங்களால அது முடியாது!"

தங்காயி முதல் இலையைக் கிள்ளி மண்ணுல வச்சா. இலை அக்கா குரல்லயே பேசிச்சு. "தாகமா இருக்குடி தங்காயி. ஒரு வாய் தண்ணி." மனசு கேட்குமா? சொம்பு நிறைய ஊத்தினா. இலை அழுகிப் போச்சு.

ரெண்டாவது இலையைக் கிள்ளி வச்சா. "தாகமா இருக்குடி தங்காயி. ஒரு வாய் தண்ணி." அவ தயங்குறதுக்குள்ள தெருவே குடத்தோட வந்திடுச்சு. "அடப்பாவமே, தாகம்னு கேட்குதே!" ஆளுக்கொரு குடம். அதுவும் அழுகிப் போச்சு.

கூரையில வெயில் காய்ஞ்சுக்கிட்டிருந்த ஓணான் ஒண்ணு தலையை ஆட்டிச்சு. "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்களா? ஏம்மா, அந்த இலை தனக்கு வேண்டிய தண்ணியை உள்ளேயே வச்சிருக்கு. அதுவும் இது பனிக்காலம், செடி தூங்குற நேரம். கிள்ளின இடம் உலர்ந்து பொருக்குத் தட்டட்டும். அப்புறம் காய்ஞ்ச மணல்ல, வெயில் படுற மாதிரி சும்மா போட்டு வை. தண்ணியைக் கண்ணுல காட்டாதே."

"அக்கா கேட்பாளே!"

"கேட்பா. நீ தராதே."

தங்காயி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கடைசி இலையைக் கிள்ளி உலரவிட்டு, ஜன்னல் வெயில்ல காய்ஞ்ச மணல் மேல போட்டா.

"தாகமா இருக்குடி தங்காயி. ஒரு வாய் தண்ணி."

"இல்லைக்கா."

"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ மலையேறிச் சுனைத் தண்ணி கொண்டு வந்தேனே!"

"இல்லைக்கா."

"நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. தண்ணி மட்டும் ஊத்தலை.

ஊர் சும்மா இருக்குமா? "கல்நெஞ்சுக்காரி! இவளைக் கிணத்துப் பக்கம் விடாதீங்க!" எதிரிக்கும் சொம்பு நீட்டுற ஊர், அவளுக்குத் தண்ணி தரலை. ராத்திரி பனியில துணியை விரிச்சுப் போட்டு, விடிஞ்சதும் பிழிஞ்சு குடிச்சா.

இலை சுருங்கிச்சு, வத்திச்சு. ஒருநாள் பேச்சும் நின்னு போச்சு. செத்துட்டாளோன்னு தங்காயி குனிஞ்சு பார்த்தா. இலை ஓரத்துல வெள்ளையா ஒரு வேர். அதுக்கு மேல கடுகத்தனை பச்சைக் குருத்து. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பவளாயி எதிர்ல நின்னா. மந்திரம் முறிஞ்சதும், எங்கேயோ இருந்த கோரப்பல்லன் நின்ன இடத்துலயே சாம்பலாப் போனான்.

ராஜா பல்லக்கு அனுப்பினார், பட்டு கொடுத்தார். "எங்களுக்கு அப்பவே தெரியும்"னு ஊர் சொல்லிச்சு. என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

தங்காயி சொம்பு நிறையத் தண்ணியோட ஓடி வந்தா. "குடிக்கா. இப்போ குடிக்கலாம்."

பவளாயி சொம்பைப் பார்த்தா, தங்கச்சியைப் பார்த்தா. "நீ செஞ்சதுதான் சரி. எனக்குத் தெரியுது, தங்காயி. ஆனா தொண்டைக்குத் தெரியலையே." சொல்லிட்டுக் கிணத்தடிக்குப் போய்த் தானே இறைச்சுக் குடிச்சா.

அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே பானைச் சோறு தின்னு நெடுங்காலம் இருந்தாங்க. தினமும் காலையில தங்காயி ஒரு சொம்பு தண்ணியை அக்கா பக்கத்துல வைப்பா. சாயங்காலம் வந்து பார்ப்பா. சொம்பு நிறைஞ்சே இருக்கும்.